அப்பாவைக் கூட்டிக்கிட்டு சொந்த போட்ல துவாண்டே கால்வாய் வழியா மௌபின் – போனவங்க யாராவது சொல்லுங்க

தல்லாக்கரை எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா இங்க படிக்க மட்டும் செஞ்சுக்கிட்டிருந்தேன், இப்பத்தான் மொத தடவை கேக்குறேன், தப்பிருந்தா பொறுத்துக்கங்க.

என்கிட்ட 34 அடி மர போட் ஒண்ணு இருக்கு. மச்சான்கிட்ட இருந்து வாங்குனது, முன்ன நெல்லு மூட்டை ஏத்திக்கிட்டிருந்த போட், நான் மேல தகரம் போட்டு உள்ள பலகை அடிச்சு நாலு பேரு படுக்கிற மாதிரி ஆக்கி வச்சிருக்கேன். இன்ஜின் ஒத்த சிலிண்டர் சைனா டீசல், 22 குதிரை. இது வரைக்கும் இங்க பர்மால, தல்லாவுக்கும் ஆத்துக்கு எதிர்க்கரைல இருக்குற ரங்கூனுக்கும் நடுவுல ஓட்டியிருக்கேன், சிரியம் போயிருக்கேன், அதிகமா போனா சௌத்தான், அங்க ஆத்து நடுவுல இருக்குற ஏலே பயா கோயில்ல கெளுத்தி மீனுக்குத் தீனி போட்டுட்டுத் திரும்பிடுவோம். அதுக்கு மேல என் போட் போனதில்ல.

விஷயம் என்னன்னா அப்பாவுக்கு 76 வயசு. பொறந்தது ஐராவதி டெல்டால ஓடுற தோ ஆத்தங்கரைல, மௌபினுக்குக் கீழ ஒரு சின்ன ஊரு. தாத்தா ராமநாதபுரம் பக்கத்துல இருந்து நெல்லு அறுப்புக்கு வந்தவரு, அங்கயே தங்கிட்டாரு. அப்பாவுக்கு எட்டு வயசு இருக்கும்போது குடும்பத்தோட கெளம்பி தண்ணி வழியாவே ரங்கூன் வந்தாங்க, அதுக்கப்புறம் அவரு அந்தப் பக்கம் போகவே இல்ல. இப்ப ஒரு கண்ணு போயிடுச்சு, இன்னொன்னும் மங்கிக்கிட்டே வருது. முழுசா மங்குறதுக்குள்ள ஊரைப் பாக்கணும்ங்கிறாரு. பஸ்ல கூட்டிட்டுப் போறேன்னு சொன்னேன், இப்ப பாலம் எல்லாம் இருக்கு, ரெண்டு மூணு மணி நேரத்துல போயிடலாம்னு. வேணாம்னுட்டாரு. தண்ணி வழியா வந்தேன்டா, தண்ணி வழியாத்தான் போவேன்னு ஒரே பிடிவாதம்.

அதனால கேக்குறேன், எந்த மாசம் நல்லது, கால்வாய்ல ஓதம் (கடல் தண்ணி ஏறி வத்துறது) எப்படி, கூட ஆள் வேணுமா இல்ல நானும் என் தம்பியும் போதுமா, ராத்திரி எங்க கட்டுறது, முடிஞ்சா அப்படியே மேல ஐராவதிக் கரைல இருக்குற ஹென்சடா வரைக்கும் போக முடியுமா, அங்க என் அத்தை மக இருக்கா. யாராவது போனவங்க இருந்தா விவரமா சொல்லுங்க.

துவாண்டே மாமா எழுதியது:

தம்பி, உங்கப்பா சொன்னதுதான் சரி. ரோட்டுல போனா அந்த ஊருங்களோட முதுகுதான் தெரியும், ஆத்துப் பக்கம் தான் அதுங்களுக்கு முகம். நான் இருபத்தஞ்சு வருஷம் துவாண்டேல இருந்து பானையும் சாடியும் ஏத்திக்கிட்டு இந்தக் கால்வாய்ல போயிட்டு வந்தவன், இப்ப கை நடுக்கம் வந்து விட்டுட்டேன், ஆனா தண்ணி மறக்கல. தெரிஞ்சதை எல்லாம் எழுதுறேன், நிதானமா படிங்க.

மொதல்ல, கால்வாய்னு பேரைக் கேட்டு ஏமாந்துடாதீங்க. வயலுக்குப் பாயுற வாய்க்கால் மாதிரியும் கிடையாது, ஃபோன்ல ஐரோப்பா பக்கம் காட்டுறாங்களே, ரெண்டு கதவுக்கு நடுவுல போட்டை வச்சு தண்ணிய ஏத்தி எறக்குறது, அந்த மாதிரியும் கிடையாது. இங்க கதவே இல்ல. 1880கள்ல வெள்ளைக்காரன் காலத்துல வெட்டுனது, பின்னால அகலப்படுத்துனாங்க, மொத்தம் 35 கிலோமீட்டர். கரை அரிச்சு அரிச்சு இப்ப அதுவே ஒரு ஆறு மாதிரி ஆயிடுச்சு. கிழக்கு வாய் ரங்கூன் ஆத்துல, மேக்கு வாய் தோ ஆத்துல, ரெண்டு வாய் வழியாவும் கடல் ஓதம் உள்ள வருது. அதனால உங்க இன்ஜின் எத்தனை குதிரைங்கிறது ரெண்டாவது பேச்சு, தண்ணி எந்தப் பக்கம் போகுதுங்கிறதுதான் மொத பேச்சு.

ரங்கூன்ல அமாவாசை பௌர்ணமிக்கு அடுத்த ஒண்ணு ரெண்டு நாள்ல ஏத்தத்துக்கும் வத்தத்துக்கும் வித்தியாசம் 5 மீட்டர் சுமாருக்கு வரும். அவ்வளவு தண்ணி ஆறு மணி நேரத்துல உள்ள வந்து ஆறு மணி நேரத்துல வெளிய போகணும்னா அது எந்த வேகத்துல ஓடும்னு நீங்களே நெனச்சுப் பாருங்க. உங்க 22 குதிரை எதிர்த்து நிக்கும், ஆனா நின்ன எடத்துலயே நிக்கும், கரையில இருக்குற தென்னை மரம் அசையவே அசையாது, டீசல் மட்டும் கொறஞ்சுக்கிட்டே வரும். அஷ்டமி நவமி பக்கம் ஓதம் சோம்பலா இருக்கும். நம்மாளுங்க அஷ்டமி நவமில வீட்டை விட்டு ஒரு காரியத்துக்கும் கெளம்ப மாட்டாங்க, ஆனா போட்டுக்கு அதான் நல்ல நாள். அப்பா ஒத்துக்கலைன்னா தசமி அன்னைக்குக் கெளம்புங்க, அதுவும் சாந்தமான தண்ணிதான். இங்க பர்மா காலண்டர்லயே வளர்பிறை தேய்பிறை எத்தனாவது நாள்னு போட்டிருக்கும், அதை வச்சே எங்க ஆளுங்க ஓதம் சொல்லிடுவாங்க, இருந்தாலும் நீங்க புதுசு, ரங்கூன் துறைமுகத்து ஓத அட்டவணைய கையில வச்சுக்கங்க. ஓதம் தெனமும் சுமாரா 50 நிமிஷம் தள்ளிப் போகும், நேத்து எட்டு மணிக்கு நெறைஞ்சுதுன்னா இன்னைக்கு ஒம்பதுக்குக் கொஞ்சம் முன்னாடி, அவ்வளவுதான் கணக்கு.

எப்ப கெளம்பணும்னா, தண்ணி நெறையுறதுக்கு மூணு மணி நேரம் முன்னாடி தல்லாவை விடுங்க. யே தெட், ஏறுற தண்ணி, அதுவே உங்களைத் தூக்கிக்கிட்டுக் கால்வாய்க்குள்ள போகும். ரெண்டு பக்கத்துத் தண்ணியும் நடுவுல ஒரு எடத்துல மோதிக்கும், அங்க தண்ணி ஓடாம சும்மா கெடக்கும், குப்பையும் ஆகாயத்தாமரையும் அங்க வந்துதான் தேங்கும், பாத்தா உங்களுக்கே தெரியும். அந்த எடத்துக்கு நீங்க போய்ச் சேர்றதும் தண்ணி நெறைஞ்சு நிக்கிறதும் ஒரே நேரமா இருக்கணும். அப்புறம் யே ச்சா ஆரம்பிக்கும், வத்துற தண்ணி, மிச்சப் பாதிக்கு அது உங்களை மேக்கு வாய்ல கொண்டுபோய் விட்டுடும். கால்வாய் முழுக்க தண்ணி உங்க பக்கம். ஆனா தோ ஆத்துல மேல ஏறணும்னா அதே வத்தம் எதிரா வரும், அதனால வாய்கிட்ட கரையோரமா நங்கூரம் போட்டு சோறாக்கிச் சாப்பிட்டுட்டு அடுத்த ஏத்தத்துக்குக் காத்திருங்க. அவசரப்பட்டா தலையால தண்ணி குடிக்கணும்.

தரை தட்டுனா என்ன பண்றதுன்னு தெரிஞ்சுக்கங்க, இது முக்கியம். தண்ணி ஏறும்போது தட்டுனா கவலையே படாதீங்க, டீ போட்டுக் குடிச்சுட்டு உக்காந்திருங்க, தானா தூக்கும். வத்தும்போது தட்டுனா அந்த நிமிஷமே எல்லாரும் எறங்கித் தள்ளி விடணும், பத்து நிமிஷம் யோசிச்சீங்கன்னா போச்சு, அரை நாள் சேத்துல சாஞ்சு கெடப்பீங்க. எல்லாத்தையும் விட மோசம் பௌர்ணமி ஓதம் நெறைஞ்சு நிக்கும்போது போய் மேட்டுல ஏறிக்கிறது. அடுத்த ஓதம் அதை விடக் கொஞ்சம் கம்மி, அதுக்கடுத்தது இன்னும் கம்மி, அப்புறம் அமாவாசை வரைக்கும் ரெண்டு வாரம் போட் அங்கதான். எனக்கு 2003ல அப்படி ஆச்சு, முந்நூறு பானை மேல ஏத்தியிருந்தேன், எல்லாத்தையும் சம்பான்ல, அதான் சின்னத் துடுப்புப் படகுல, மாத்தி மாத்தி எறக்குறதுக்குள்ள பாதி ஒடைஞ்சு போச்சு.

இன்னொன்னு, கரையோரம் வீடு இருக்குற எடத்துல, சம்பான்ல பொம்பளைங்க காய்கறி கொண்டு போற எடத்துல இன்ஜினைக் கொறைச்சுடுங்க. நம்ம அலை அவங்க சம்பானுக்குள்ள தண்ணியா போகும். கரை இடிஞ்சு விழறதும் அந்த அலையாலதான். அங்க இருக்குறவங்க வீடு வருஷா வருஷம் பின்னாடி தள்ளிப் போய்க்கிட்டே இருக்கு, நம்மளால ஒரு கைப்பிடி மண்ணு கூட விழ வேணாம்.

சௌத்தான் ராணி எழுதியது:

தம்பி, மாமா தண்ணியைப் பத்தி சொல்லிட்டாரு, நான் அப்பாவைப் பத்தி சொல்றேன். என் மாமியாரை இப்படித்தான் போட்ல கூட்டிட்டுப் போனோம், ஆம்பளைங்க இன்ஜினையும் டீசலையும் பாத்தாங்க, வயசானவங்க ஒண்ணுக்கு எங்க போவாங்கன்னு யாரும் யோசிக்கல. அவங்களும் கூச்சப்பட்டுக்கிட்டு தண்ணியே குடிக்காம இருந்து சாயங்காலம் மயக்கம் வந்துடுச்சு. பின்னாடி ஒரு மூலையில கித்தான் கட்டி, கைப்பிடிச்சு உக்கார்ற மாதிரி ஒண்ணு செஞ்சு வைங்க, அப்பாகிட்ட கெளம்புறதுக்கு முன்னாடியே காட்டிடுங்க. ஏறி எறங்குற பலகை ஒரு முழம் அகலமாவாவது இருக்கணும், ரெண்டு பக்கமும் மூங்கில் பிடி கட்டுங்க, கண்ணு தெரியாதவருக்கு வத்துன தண்ணில படித்துறை பாசி ரொம்ப மோசம். லைஃப் ஜாக்கெட் உடம்புல இருக்கணும், மூலையில தொங்கக் கூடாது.

குடிக்கிற தண்ணி வீட்டுல இருந்தே கேன்ல கொண்டு போங்க. மாத்திரை ரெண்டு எடத்துல வைங்க, ஒண்ணு நனைஞ்சா ஒண்ணு இருக்கும். கொசுவலை கட்டாயம்.

அப்புறம் கெளம்புற அன்னைக்குக் காலையில போட்டோட முன்பக்கம் அணியத்துல, பர்மாக்காரங்க சாமிக்கு வைக்கிற தப்பியே இலை ஒரு கொத்து கட்டுங்க. டெல்டா பக்கம் தண்ணிக் காவல் தெய்வம் ஊ ஷின் ஜீக்கு எளநீயும் வாழைப்பழமும் வைக்காம யாரும் போட் எடுக்க மாட்டாங்க, கூட வர்ற பர்மாக்காரங்களுக்கும் மனசு நிம்மதியா இருக்கும். நாங்க பீலிக்கான் முனீஸ்வரருக்கு ஒரு தேங்காய் ஒடைச்சுட்டு, அதுக்கப்புறம் இதையும் வச்சுட்டுத்தான் கெளம்புவோம், ரெண்டும் நம்ம தண்ணியக் காக்குற சாமிதான்.

பசுண்டாங் எழுதியது:

எல்லாரும் தம்பியை ரொம்ப பயமுறுத்துறீங்கன்னு நெனைக்கிறேன். ஓதம் பாத்து நேரம் பாத்து எல்லாம் அந்தக் காலம். இப்ப ஃபோன்லயே மேப் இருக்கு, ஜிபிஎஸ் இருக்கு, இன்ஜின்ல கொஞ்சம் பவர் இருந்தா எப்ப வேணா போகலாம். நான் ராத்திரி ரெண்டு மணிக்கு எடுத்து விடியறதுக்குள்ள துவாண்டே போயிருக்கேன், வெயிலும் இல்ல கூட்டமும் இல்ல.

துவாண்டே மாமா எழுதியது:

தம்பி பசுண்டாங், கோவிச்சுக்காதீங்க, நீங்க நல்லபடியா போய்ச் சேந்ததுல சந்தோஷம். ஆனா ராத்திரில மட்டும் போகச் சொல்லி யாருக்கும் சொல்லாதீங்க. மணல் ஏத்துன பார்ஜு ஒண்ணு, தண்ணி மட்டத்துக்கு ஒரு சாண் மேல தான் தெரியும், விளக்கு இருக்காது. மூங்கில் கட்டி மிதக்க விட்டுக்கிட்டு வருவாங்க, அதுல ஒரு ஆளு சின்ன எண்ணெய் விளக்கு வச்சுக்கிட்டு தூங்கிக்கிட்டிருப்பான். வலை குறுக்கால கெடக்கும். ஃபோன் மேப் எதையும் காட்டாது. இதுக்கு மேல 2021ல ராணுவம் ஆட்சியைப் பிடிச்சதுக்கு அப்புறம் ராத்திரில ஆத்துல இன்ஜின் சத்தம் கேட்டாலே யாரு என்னன்னு பாக்குற காலமா இருக்கு, விளக்கு இல்லாம போற போட்டை எவன் எப்படி எடுத்துக்குவான்னு சொல்ல முடியாது. வயசான அப்பாவை வச்சுக்கிட்டு அந்த விஷப்பரீட்சை வேணாம். சூரியன் சாயறதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடியே பெரிய ஊரா பாத்து, படித்துறைல வேற போட்டுங்க இருக்குற எடமா பாத்துக் கட்டிடுங்க, ஊர்த் தலைவர்கிட்ட போய் நாங்க இன்னார், இங்க போறோம்னு சொல்லிடுங்க. எல்லாரோட அடையாள அட்டையும் போட் பதிவுச் சீட்டும் ஒரு பிளாஸ்டிக் பையில சுத்தி சுக்கான் பக்கத்துலயே வைங்க. பாலத்தையும் செக்போஸ்ட்டையும் ஃபோட்டோ எடுக்காதீங்க.

தல்லாக்கரை எழுதியது:

மாமா, அக்கா, கண்ணு கலங்கிடுச்சு, இவ்வளவு பேரு இவ்வளவு நேரம் எடுத்து எழுதுறீங்க. அப்பாகிட்ட படிச்சுக் காட்டுனேன். அஷ்டமி நவமி விஷயத்துல அவரு மசியல, தசமிதான்னு சொல்லிட்டாரு. ஊ ஷின் ஜீ பேரைக் கேட்டதும் சின்ன வயசுல அவங்கம்மா எளநீ வச்சது ஞாபகம் வந்து ரொம்ப நேரம் பேசிக்கிட்டிருந்தாரு.

ஹென்சடா பத்தி யாரும் சொல்லலையே? மௌபின்ல இருந்து மேல யாண்டூன், டனுபியூ, ஹென்சடான்னு போகணும்னு மேப்ல பாத்தேன். அங்கயும் ஓதம் பாத்துத்தான் போகணுமா?

புரோம் வாத்தியார் எழுதியது:

மேல போகப் போக ஓதத்தோட கை ஓய்ஞ்சுடும், அதுக்கப்புறம் ஐராவதி மட்டும்தான் பேசும், அது எப்பவும் ஒரே பக்கம்தான் ஓடும், உங்களுக்கு எதிரா. அங்க வேற படிப்பு படிக்கணும். நான் புரோம்ல பள்ளிக்கூடத்துல வேலை பாத்தவன், லீவுன்னா ஆத்துலதான் இருப்பேன், என் பழைய மாணவன் ஒருத்தன் ஆத்து வழிகாட்டியா இருக்கான், அவன்கிட்ட கத்துக்கிட்டதுதான் எல்லாம்.

இந்த ஆத்துல மழைக்காலத்துக்கும் வெயில்காலத்துக்கும் தண்ணி மட்டம் புரோம்ல 10 மீட்டர் சுமாருக்கு வித்தியாசப்படும். ஆகஸ்ட்ல நெறைஞ்சு ஓடும், பிப்ரவரி மார்ச்ல வத்திப் போயி நடு ஆத்துல மணல் திட்டு வெளிய வந்து, அதுல ஆளுங்க குடிசை போட்டு கடலை போட்டிருப்பாங்க. அந்தத் திட்டு போன வருஷம் இருந்த எடத்துல இந்த வருஷம் இருக்காது. வெள்ளம் வடிய வடிய ஆறு புதுசா வழி போட்டுக்கும். அதனாலதான் இங்க பெரிய கப்பல்ல கூட ஒரே வழிகாட்டி கடைசி வரைக்கும் வர மாட்டான், அவனவன் ஊர்ப் பக்கத்து ஆறு மட்டும்தான் அவனுக்குத் தெரியும், அது முடிஞ்சதும் எறங்கிக்குவான், அடுத்த ஊர்க்காரன் ஏறுவான். பசுண்டாங் தம்பி சொன்ன மேப்பை இந்த ஆத்துல விரிச்சீங்கன்னா, மேப்ல நீலமா இருக்குற எடத்துல மாடு மேஞ்சுக்கிட்டிருக்கும்.

என் மாணவன் போட் ஓட்டுறதை ஒரு தடவை பக்கத்துல உக்காந்து பாத்தேன். முன்னாடி அணியத்துல ஒரு பையன் மூங்கில் கழி வச்சுக்கிட்டு நிப்பான், கழில அடிக்கு ஒரு கோடு செவப்பும் வெள்ளையும். தண்ணில விட்டு எடுக்குறான், ஒரு நம்பர் கத்துறான், மறுபடி விடுறான், மறுபடி கத்துறான், பாட்டு மாதிரி ஒரே சீரா போகுது. திடீர்னு பையன் நம்பர் சொல்லல, கழிய மட்டும் கொஞ்சம் அழுத்திப் பாத்தான். உடனே இவன் இன்ஜினைக் கொறைச்சுட்டான். என்னடான்னு கேட்டா, நம்பர் அதேதான் சார், ஆனா கீழ சேறு போயி மணல் வந்துடுச்சு, கழி நுனில கரகரங்குதுன்னு தெரியுதில்ல, மணல்னா முன்னாடி திட்டு இருக்கும்னான். ரெண்டு நிமிஷத்துல பாத்தா வலது பக்கம் தண்ணி மேல சின்னச் சின்னதா நடுக்கம், காத்தே இல்ல, அடியில ஒரு முழம்தான் தண்ணி. வளைவுல வெளிக்கரைதான் ஆழம், உள்கரைல மண்ணு சேரும்னு பொதுவா சொல்லலாம், ஆனா அந்தக் கழிப் பையனோட கை இல்லாம அது போதாது. ஆழம் தெரியாம காலை விடாதேன்னு நம்ம பெரியவங்க சொன்னது இந்த ஆத்துக்கே சொன்ன மாதிரி இருக்கும்.

ஆக நீங்க ஹென்சடா போகணும்னா கார்த்திகை மார்கழில போங்க, நவம்பர் கடைசில இருந்து ஜனவரி பாதி வரைக்கும். தண்ணி வடிஞ்சிருக்கும் ஆனா வத்தியிருக்காது. மௌபின்ல விசாரிச்சு யாண்டூன் வரைக்கும் ஒரு ஆள், அங்கிருந்து ஹென்சடா வரைக்கும் ஒரு ஆள் எடுங்க, சாப்பாடும் திரும்பிப் போற பஸ் காசும் கூலிக்கு மேல குடுங்க. மார்கழில காலையில ஆத்து மேல பனி அடைச்சு உக்காந்திருக்கும், நாலு மாடி உயர கோபுரம் கூட தெரியாது, சூரியன் நல்லா ஏறுற வரைக்கும் கட்டை அவுக்காதீங்க.

டனுபியூல நிறுத்துனீங்கன்னா அப்பாகிட்ட சொல்லுங்க, 1825ல பர்மா தளபதி மகா பண்டுலா வெள்ளைக்காரன் படையோட சண்டை போட்டு விழுந்த எடம் அதுதான். ஹென்சடாவுக்கு மேல புரோம் வரைக்கும் வந்தா அக்கவுத் தவுங் பாறை வரும், தண்ணி மேலயே செங்குத்தா நிக்கும், அது முழுக்க புத்தர் சிலை செதுக்கியிருப்பாங்க, அந்தக் காலத்துல சுங்கம் கட்டக் காத்துக்கிட்டிருந்த படகுக்காரங்க செதுக்குனதுன்னு சொல்லுவாங்க. காத்திருக்கிற நேரத்தை அப்படிக் கழிச்சிருக்காங்க பாருங்க. கீழ இருந்து போட்ல பாத்தாத்தான் அது முழுசா தெரியும். இதே ஆத்துல 1865ல ஆரம்பிச்ச ஐராவதி ஃப்ளோட்டிலா கம்பெனி அறுநூறு கப்பல் வரைக்கும் ஓட்டிக்கிட்டிருந்துச்சு, சாரங்குங்க, அதான் கப்பல் ஓட்டுறவங்க, முக்காவாசி சிட்டகாங்காரங்க, 1942ல ஜப்பான்காரன் கைக்குப் போயிடக் கூடாதுன்னு கம்பெனியே கப்பல்களை ஆத்துலயே மூழ்கடிச்சுட்டாங்க. உங்கப்பா சின்ன வயசுல வந்தது சுதந்திரத்துக்கு அப்புறம் கவர்மெண்ட் எடுத்து நடத்துன கப்பலா இருக்கும், கேட்டுப் பாருங்க.

டீசல் கை எழுதியது:

இன்ஜின் பத்தி யாரும் சொல்லல, அதனால நான். துவாண்டே கால்வாய்ல இன்ஜினைக் கொல்றது ஆகாயத்தாமரைதான், பர்மால பேடாம்பாங்க. பாக்க அழகா ஊதாப் பூ பூத்து மிதந்துக்கிட்டு வரும். பங்காவுல, அதான் போட்டைத் தள்ளுற விசிறில, சுத்துனா சத்தம் மாறும், அப்பவே நிறுத்தி ரிவர்ஸ்ல ரெண்டு சுத்து விட்டா பாதி அவுந்துடும். அதை விட மோசம் தண்ணி உறிஞ்சுற வாய அடைக்கிறது, அது சத்தமே போடாது, இன்ஜின் சூடேறி புகை வந்தப்புறம்தான் தெரியும். வெளிய போற தண்ணிய பாத்துக்கிட்டே இருங்க, அது கொறைஞ்சா ஏதோ அடைச்சிருக்கு. உறிஞ்சுற வாய்க்குச் சல்லடை டபுளா போடுங்க, ஒண்ணைக் கழட்டிக் கழுவும்போது இன்னொன்னு இருக்கணும்.

எனக்கு ரெண்டு வருஷம் முன்னாடி ஆனதைச் சொல்றேன். கால்வாய்ல பேடாவோட சேந்து ஒரு அறுந்த நைலான் வலை பங்காவைச் சுத்துற ஷாஃப்ட்ல சுத்திக்கிச்சு, சுத்துன சூட்டுல உருகி கல்லு மாதிரி இறுகிடுச்சு, இன்ஜின் டக்குனு நின்னு போச்சு. வத்துற தண்ணி, எதிர்ல மணல் பார்ஜு வருது, நாங்க குறுக்கால மிதந்துக்கிட்டுப் போறோம். நங்கூரம் எங்கன்னு பாத்தா அரிசி மூட்டைக்கு அடியில. பொண்டாட்டிதான் மூட்டைய உருட்டி விட்டு நங்கூரத்தை எடுத்துப் போட்டா, பிடிச்சுக்கிச்சு, பார்ஜு பத்து அடி தள்ளிப் போச்சு. அன்னைல இருந்து எங்க போட்ல நங்கூரம் கயிறு சுத்தி அணியத்துலயே இருக்கும், அது மேல யாரும் ஒரு துண்டு கூட வைக்கக் கூடாது. அப்புறம் தண்ணிக்குள்ள முங்கி ரம்பக் கத்தியால ஒரு மணி நேரம் அறுத்தேன்.

கொண்டு போக வேண்டியது: ரம்பக் கத்தி ரெண்டு, பெல்ட், டீசல் ஃபில்டர், ஷாஃப்ட் ஓரமா தண்ணி உள்ள வராம அடைக்கிற பேக்கிங் கயிறு, கிரீஸ், ஓட்டை அடைக்கப் பஞ்சும் கீலும், கையால எறைக்கிற பம்ப். டீசல் போற வழியில கிடைக்கும்னு நம்பாதீங்க, இருக்குற நாளும் உண்டு இல்லாத நாளும் உண்டு, போக வர முழுசுக்கும் கணக்குப் போட்டு அதுல மூணுல ஒரு பங்கு கூடவே எடுத்துக்கங்க. பழைய டின்ல வாங்குற டீசல்னா துணில வடிகட்டி ஊத்துங்க.

மோல்மேன் செல்வி எழுதியது:

எங்க பக்கம் சால்வின், ஜைங், அத்தரான் மூணு ஆறும் மோல்மேன்கிட்ட வந்து சேருது, எங்கப்பா பான் ஊர் வரைக்கும் போட்லதான் கூட்டிட்டுப் போவாரு, ரெண்டு பக்கமும் சுண்ணாம்புக்கல்லு மலை தண்ணில நிழல் விழும். அதனால எனக்கும் இது தெரியும், ஒண்ணே ஒண்ணு சொல்றேன். மே மாசம் வேணவே வேணாம். 2008 மே 2ஆம் தேதி நர்கிஸ் புயல் வந்தப்ப எங்க சித்தப்பா குடும்பம் டெல்டால போகலே பக்கம் இருந்தாங்க. அதுக்கு மேல என்னால எழுத முடியல. கார்த்திகை மார்கழில போங்க.

அப்புறம் சிட்டாங் ஆத்து வாய்ப்பக்கம் மட்டும் ஆசைப்படாதீங்க. அங்க ஓதம் சுவர் மாதிரி எழும்பி வரும், எங்க ஊர் பெரிய படகே அதுக்கு ஒதுங்கும்.

தல்லாக்கரை எழுதியது:

மறுபடி வந்திருக்கேன். போயிட்டு வந்துட்டோம். எல்லாருக்கும் சொல்லாம இருக்க மனசு வரல.

தேய்பிறை தசமி காலையில கெளம்புனோம். அப்பா, நான், தம்பி, மாமா ஏற்பாடு பண்ணிக் குடுத்த ஒரு பெரியவர். மாமா சொன்ன மாதிரியே கால்வாய் நடுவுல தண்ணி சும்மா நின்னுச்சு, ஆகாயத்தாமரை பாய் விரிச்ச மாதிரி கெடந்துச்சு, பத்து நிமிஷம் கழியால தள்ளித் தள்ளித்தான் வந்தோம், சல்லடைய மூணு தடவை கழுவினோம். மேக்கு வாய்ல கட்டிட்டு மீன் வாங்குனேன், அந்தப் பொம்பளை ஒரு பேய்த்தான்னு சொன்னா, அப்பா ஒரு வீசைன்னு சொல்லி எனக்கு விளக்குறாரு, இங்க்லீஷ்ல விஸ்னு சொல்றாங்களே அது நம்ம வீசைல இருந்து போனதுதான்டான்னு. அந்த மீன்ல அவரே புளி கரைச்சு ஊத்துனாரு. சாயங்காலம் ஏத்தத்துல தோ ஆத்துல ஏறுனோம்.

ஊரு கிட்ட வந்ததும் நான் ஜிபிஎஸ் பாத்துக்கிட்டிருக்கேன், அப்பா கண்ணை மூடிக்கிட்டு ஆத்து வளைவைக் கணக்குப் பண்ணிக்கிட்டிருந்தாரு, இந்த வளைவுக்கப்புறம் படித்துறை, அதுக்கு மேல புளியமரம்னு. வளைவு வந்துச்சு. படித்துறை இல்ல, புளியமரமும் இல்ல. கூட வந்த பெரியவர் கரையில இருந்த ஒருத்தர்கிட்ட கேட்டாரு. அந்த ஊர் இருக்கு, ஆனா கரை தின்னு தின்னு ரெண்டு தடவை உள்ள தள்ளிப் போயிடுச்சாம், பழைய ஊர் இருந்த எடம் இப்ப நம்ம போட் நிக்கிற எடத்துக்கும் அந்தப் பக்கமாம். அப்பா இன்ஜினை நிறுத்தச் சொன்னாரு. கொஞ்ச நேரம் போட் மெதுவா மிதந்துச்சு. அவரு விளிம்புல குனிஞ்சு தண்ணிக்குள்ள கையை விட்டு அப்படியே வச்சிருந்தாரு. இங்கதான் நம்ம வீடுன்னாரு. அழல. அப்புறம் எளநீ ஒண்ணை வெட்டச் சொல்லி அந்த எடத்துல ஊத்துனாரு.

புது ஊருக்குள்ள போனோம். தமிழ் பேசுறவங்க ஒரே ஒரு வீடு, அந்தப் பாட்டிக்கு எங்க ஆயா பேரு ஞாபகம் இருந்துச்சு. ராத்திரி அவங்க வீட்டுலயே படுத்தோம், ரெண்டு பேரும் விடிய விடிய பேசிக்கிட்டிருந்தாங்க.

ஹென்சடா இந்தத் தடவை போகல. யாண்டூன்ல வழிகாட்டி கிடைச்சாரு, ஆனா மேல ஒரு பக்கம் போக வேணாம்னு அவரே சொன்னாரு, கேட்டுக்கிட்டுத் திரும்பிட்டோம். அத்தை மக பஸ்ல மௌபின் வந்து பாத்துட்டுப் போனா.

ராணி அக்கா, பின்னாடி கட்டுன கித்தான் மறைப்புதான் அப்பாவுக்கு ரொம்பப் பிடிச்சுது. டீசல் கை அண்ணே, ஒரு சந்தேகம், திரும்பி வரும்போது ஷாஃப்ட் பேக்கிங்ல நிமிஷத்துக்கு இருபது சொட்டு வந்துச்சு, இறுக்கிப் பாத்தா கை வைக்க முடியாத அளவுக்குச் சூடாகுது. பேக்கிங் மாத்தணுமா இல்ல ஷாஃப்ட்டே தேஞ்சிருக்குமா?

டீசல் கை எழுதியது:

இறுக்காதீங்க, சொட்டு விழணும், அந்தத் தண்ணிதான் ஷாஃப்டைக் குளிர வைக்கிது. ஓடும்போது நிமிஷத்துக்கு அஞ்சாறு சொட்டு இருந்தா போதும், நிக்கும்போது அனேகமா விழவே கூடாது. இறுக்குனாலே சூடாகுதுன்னா பேக்கிங் காஞ்சு கல்லாயிருக்கு, வத்தத்துல கரையில சாய்ச்சு வச்சு பழசு மொத்தத்தையும் கொக்கி போட்டு எடுத்துட்டு புதுசு போடுங்க, ஒவ்வொரு வளையமும் வெட்டு வேற வேற பக்கம் வர்ற மாதிரி. அப்ப ஷாஃப்டை நகத்தால தடவிப் பாருங்க, பள்ளம் தட்டுப்பட்டா எனக்கு எழுதுங்க, தல்லா பக்கம் நான் அடுத்த வாரம் வர்றேன். அப்பாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்க.